பழைய பிஎம்டபிள்யூ எம்5 (இ39) தினமும் ஓட்ட வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். 2001 மாடல் எம்5 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 4.9 லிட்டர் வி8, 400 குதிரைத்திறன், ஆறு கியர், மேனுவல் மட்டும்தான். ரொம்ப நாள் ஆசை. வேலைக்கும் இதிலேயே போய்வரலாமா, செலவு கட்டுப்படியாகுமா?

பதில் 1:
எட்டு வருடமாக வைத்திருக்கிறேன். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் வேண்டாம், எனக்கு 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் வரை போகிறது, அதுவும் 98 ஆக்டேன் பெட்ரோல். ஆனால் ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச்சாலை) வேகக் கட்டுப்பாடு முடிந்த இடத்தில் நான்காவது கியரில் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள், அந்த 1.8 டன் எடை எங்கே போனதென்றே தெரியாது, பின் சீட்டில் பிள்ளைகள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மணிக்கு 250 கிலோமீட்டரில் மின்னணு முறையில் வேகம் நின்றுவிடும். ஒன்று மட்டும் கேளுங்கள், இஞ்சின் ஆயில் சூடாகும்வரை விரட்டாதீர்கள். ஆர்பிஎம் மீட்டரில் எரியும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவது அதற்குத்தான்.

பதில் 2:
ஓடிய கிலோமீட்டரை விட சர்வீஸ் பில்கள் முக்கியம். குளிர்ந்த இஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வானோஸ் (வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு), டைமிங் செயின் கைடு (இஞ்சினுக்குள் ஓடும் செயினை வழிநடத்தும் பாகம்) இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அப்புறம் ஆயில், 10டபிள்யூ-60தான் ஊற்றினார்களா என்று பாருங்கள். நான் அவசரப்பட்டு வாங்கினேன், முதல் மாதமே கிளட்ச் போய்விட்டது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. சனிக்கிழமை காலை போகிறேன், அதுவரை இஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டேன்.