லாஸ் ஏஞ்சலஸ் வழியாக ஆக்லாந்து: டேனிஷ் கடவுச்சீட்டுக்கு என்னென்ன அனுமதி?

கேள்வி:
வணக்கம். டேனிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நானும், டென்மார்க் வழங்கிய அகதிப் பயண ஆவணம் மட்டுமே உள்ள என் தாயாரும் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸில் விமானம் மாறி, விடுமுறைக்காக ஆக்லாந்து செல்லத் திட்டமிட்டுள்ளோம். விமானம் மாறுவதற்கு மட்டும் எஸ்டா (விசா இல்லாமல் செல்வோருக்கான அமெரிக்காவின் இணையவழிப் பயண அனுமதி) வேண்டுமா?

பதில் 1:
டேனிஷ் கடவுச்சீட்டுள்ள உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறுபவர்களும் குடிவரவுச் சோதனையைக் கடந்தே அடுத்த விமானத்துக்குப் போக முடியும். புறப்பாட்டுக்கு 72 மணி நேரம் முன்பாவது விண்ணப்பித்துவிடுங்கள். 2021 ஜனவரி 12 முதல் எப்போதேனும் கியூபாவுக்குப் போயிருந்தால் (கோபன்ஹேகனில் குளிர்காலத்துக்குப் பயந்து போகிறவர்கள் உண்டே) எஸ்டா கிடைக்காது. அமெரிக்கத் தூதரகத்தில் விசாவே பெற வேண்டும்.

பதில் 2:
டேனிஷ் கடவுச்சீட்டுள்ள நீங்கள் நியூசிலாந்துக்கென என்இசட்இடிஏ (அந்நாட்டின் மின்னணுப் பயண அனுமதி) தனியே எடுக்க வேண்டும். அது 2 ஆண்டுகள் செல்லுபடியாகும். கட்டணம் செயலியில் 17, இணையத்தில் 23 நியூசிலாந்து டாலர். அத்துடன் 2024 அக்டோபரில் உயர்த்தப்பட்ட 100 டாலர் சுற்றுலாத் தீர்வையும் உண்டு. தேடலில் முதலில் வந்து நிற்கும் தரகுத் தளங்கள் இதையே பல மடங்கு விலைக்கு விற்பதால், அரசுத் தளம்தானா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

பதில் 3:
தங்கள் தாயாருக்கு எஸ்டா பொருந்தாது, ஏனெனில் அது விசா விலக்கு நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. விமானம் மாறுவதற்கும் அவர் அமெரிக்க விசா பெற வேண்டியிருப்பதால், நேர்காணல் முடியும்வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள்.