கலைச்சொல்: நினைவகத் துடிப்பேற்றமா, மிகைத்துடிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தை ஓவர்கிளாக் செய்வதற்கு, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குத் தமிழில் ஒரு வினைச்சொல் வேண்டும். பெயர்ச்சொல் மட்டும் இருந்தால் செய்முறை எழுத முடியாது.

‘மிகைக்கடிகாரமாக்கல்’ வாய்க்குள் நுழையாது, பொருளும் பிசகு. சில்லுக்குள் மணி காட்டும் எதுவும் இல்லை; சீராக அடிக்கும் துடிப்புதான் இருக்கிறது. ‘முடுக்கம்’ இயற்பியலுக்குப் போய்விட்டது. அதோடு நம் நெல்லைப் பக்கம் முடுக்கு என்றால் சந்து. நாகசுரக்காரர்களின் ‘மேல்காலம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் அது நேர் இரட்டிப்பு. இங்கே கிடைப்பது நூற்றுக்கு ஆறு, ஏழு.

ஆகவே ‘துடிப்பேற்றம்’ என்கிறேன். வினை: துடிப்பேற்று. அண்டர்கிளாக் செய்வதற்குத் ‘துடிப்பிறக்கம்’ தானாகவே அமைகிறது.

துடிப்பு என்பது எந்த எண் என்றும் வரையறுக்க வேண்டும். 12 கிகாபைட் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் 1875 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருள் 7501 என்று காட்டும். விவரப் பட்டியலில் 15 கிகாபிட் என்று இருக்கும். மூன்றும் ஒன்றே. 1875ஐ எட்டால் பெருக்கினால் 15,000. ஆஃப்டர்பர்னரில் 500 கூட்டினால் ஜிபியு-இசட்டில் 125தான் ஏறும். அப்போது ஒரு தரவுக் கம்பியில் நொடிக்கு 15க்குப் பதில் 16 கிகாபிட் போகும். 192 கம்பிகளுக்கும் சேர்த்து, நொடிக்கு 360 கிகாபைட் என்பது 384 ஆகும். ஆகவே 1875க்குத் ‘துடிப்பு’, 15 கிகாபிட்டுக்குத் ‘தரவு வேகம்’ என்று வைப்போம். எந்த மென்பொருளின் எண் என்று சொல்லாமல் ‘500 ஏற்று’ என்று எழுதவே கூடாது.

---

> ஆகவே ‘துடிப்பேற்றம்’ என்கிறேன்.

அண்ணாச்சி, துடிப்பு சரி. ‘ஏற்றம்’தான் இடிக்கிறது. மின்னேற்றம் என்றால் சார்ஜ், பதிவேற்றம் என்றால் அப்லோடு, நினைவகத்தில் ஏற்று என்றால் லோடு. நினைவகம் பற்றிய ஒரே பக்கத்தில் இரண்டு ‘ஏற்று’ வந்தால் படிப்பவர் திணறுவார். ‘மிகைத்துடிப்பு’ என்றால் என்ன குறை?

இன்னொன்று. நூறு நூறாக ஏற்றிக்கொண்டே போகும்போது ஒரு கட்டத்துக்கு மேல் திரையில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை, கார்டு முடங்கவும் இல்லை. ஆனால் சூப்பர்பொசிஷன் என்ற வேகச் சோதனை மென்பொருள் தரும் மதிப்பெண் மட்டும் இறங்குகிறது. அந்த நிலைக்கும் ஒரு பெயர் வேண்டாமா?

---

தம்பி, இரண்டாவது கேள்விக்குத்தான் ‘மிகைத்துடிப்பு’ பொருந்தும்.

ஜிடிடிஆர்5 என்ற கிராபிக்ஸ் நினைவக வகையின் காலத்திலிருந்தே, நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே போகும் தரவைச் சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. பிழையாக வந்தது மறுபடி அனுப்பப்படும். துடிப்பு கூடக் கூடப் பிழை பெருகும்; ஏற்றியதில் கிடைத்த வேகத்தை மறு அனுப்பலே தின்றுவிடும். படம் சுத்தமாக இருக்கிறதே என்று நம்பி, பலர் இன்னும் ஏற்றுகிறார்கள். இலக்கணத்தில் மிகைபடக் கூறல் ஒரு குற்றம். இங்கேயும் மிகை குற்றமாகவே இருக்கட்டும். செயலுக்குத் துடிப்பேற்றம், அளவு கடந்த நிலைக்கு மிகைத்துடிப்பு.

‘நினைவகத்தில் ஏற்று’, ‘நினைவகத்தைத் துடிப்பேற்று’: வேற்றுமை உருபே இரண்டையும் பிரித்துவிடுகிறது. சார்ஜுக்கு மின்னூட்டம் இருக்கிறது.

செய்முறையில் வைத்துப் பார்ப்போம்:

“ஆஃப்டர்பர்னரில் நினைவகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பேற்றவும். ஒரே சோதனையை மூன்று முறை ஓட்டி, நடு மதிப்பெண்ணைக் குறிக்கவும். மதிப்பெண் ஏறும் வரை தொடரவும். நின்றாலோ இறங்கினாலோ மிகைத்துடிப்பு தொடங்கிவிட்டது, 150 துடிப்பிறக்கவும். அதுவரை கோரின் (கணக்கிடும் முதன்மைச் சில்லின்) துடிப்பைத் தொட வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது தவறியது என்று பிரிக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பு ஏறும்படி வைப்பது கடைசி வேலை. முன்னதாக வைத்தால், கறுப்புத் திரையில் மாட்டும் கார்டு ஒவ்வொரு முறையும் அங்கேயே மாட்டும்.”

எந்த மாதத்தில் சோதித்தது என்பதையும் குறிக்கச் சொல்ல வேண்டும். மார்கழியில் பிடித்த எண் அக்னி நட்சத்திர வெக்கையில் நிற்காது. சூடு கூடினால் நினைவகக் கலங்களில் மின்னூட்டம் விரைவாகக் கசியும், பிழைக்கு இடம் கூடும். ஆனிச் சாரலில் சரியாக ஓடியதை வைத்துச் சித்திரைக்கு உறுதி சொல்லக் கூடாது. நினைவகச் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேடுக்கு ‘வெப்பத் திண்டு’ என்று எழுதலாம். மாற்றும்போது பழைய தடிமனே வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் வைத்தால் நினைவகம் குளிரும், கோரின் மேல் குளிர்விப்பான் படியாது.

---

உருபு பிரிக்கும் என்பது சரிதான், அண்ணாச்சி, துடிப்பேற்றத்தை ஏற்கிறேன்.

ஆனால் மதிப்பெண் இறங்குவதெல்லாம் மிகைத்துடிப்பு ஆகாது. ஆர்எக்ஸ் 580 போன்ற கார்டுகளில் துடிப்பு ஒரு எல்லையைத் தாண்டியதும், கார்டின் பயாஸில் (உள்ளமைந்த நிரலில்) எழுதியுள்ளபடி நினைவகம் தளர்ந்த டைமிங்குக்கு, அதாவது ஒவ்வொரு செயலுக்கும் கூடுதல் துடிப்புகள் காத்திருக்கும் அமைப்புக்குத் தாவிவிடும். பிழை ஏதும் இல்லாமலே மதிப்பெண் இறங்கும். அங்கே மேலும் கொஞ்சம் துடிப்பேற்றினால் மறுபடி ஏறும், மிகைத்துடிப்பில் ஏறாது. இதற்குக் ‘காலத் தளர்வு’ என்று தனியாக வைத்து, உங்கள் செய்முறையில் ‘இறங்கினால் இன்னொரு படி ஏற்றிப் பார்க்கவும்’ என்று ஒரு வரி சேர்க்கலாமா?