மாங்காவும் 'மங்கா'வும் ஒரே வேரா? சேலத்துல இருந்து ஒரு கேள்வி

ஏற்காட்டு வண்டி:
அக்கா பையன் நேத்து ஜப்பான் படக்கதைப் புத்தகம் ஒண்ணைப் பின்னாடியிருந்து முன்னாடி புரட்டிட்டு இருந்தான். என்னடா இதுன்னு கேட்டா "மங்கா, மாமா"ங்கறான். பக்கத்துத் தட்டுல கிளிமூக்கு மாங்கா, கீறி உப்பு மொளகாத்தூள் போட்டது. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. ஆங்கிலத்துல மேங்கோ, போர்ச்சுகீசியத்துல மாங்கா, மலாய்ல மங்கா, ஜப்பான்ல மங்கா. எல்லாமே நம்ம மா + காய்தான். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு இருக்குன்னு சுசுமு ஓனோங்கற ஜப்பான் பேராசிரியரே வாழ்நாள் பூரா எழுதினாரு. மறுக்கறவங்க ஆதாரத்தோட வாங்க.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
தம்பி, பழம் வரைக்கும் உங்கள் கட்சிதான் நானும். படக்கதையில் இறங்கிக்கொள்கிறேன்.

ஜப்பானிய 'மங்கா' இரண்டு சீன எழுத்துகளால் ஆன சொல். 'மன்' என்றால் மனம் போன போக்கில், கட்டில்லாமல். 'கா' என்றால் படம். ஹொகுசாய் என்ற ஓவியர் 1814இல் தம் கோட்டோவியங்களை இந்தப் பெயரில் வெளியிடத் தொடங்கினார். மொத்தம் 15 தொகுதிகள். மல்யுத்தக்காரர், தவளை, மழையில் ஓடுகிறவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்திருப்பார். அதே இரண்டு எழுத்தைச் சீனர் 'மான்ஹுவா' என்றும் கொரியர் 'மன்ஹ்வா' என்றும் வாசிப்பார்கள். இதில் மாமரம் எங்கே?

ஓனோ உங்களுக்குக் கைகொடுக்க மாட்டார். அவர் தமிழோடு ஒப்பிட்டது ஜப்பானியரின் சொந்தச் சொற்களை. இது சீனத்திலிருந்து வந்த கடன் எழுத்துகளில் கட்டியது. அவருடைய கொள்கையையே பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை என்பது தனிக் கதை.

இன்னொன்று. ஜப்பானியர் மாம்பழத்தை மங்கா என்று சொல்வதே இல்லை. கடைசியில் ஓகாரத்தை நீட்டி 'மங்கோ' என்கிறார்கள். பழத்துக்கும் படத்துக்கும் அவர்களே முடிச்சுப் போடாதபோது நாம் ஏன் போட வேண்டும்?

ஏற்காட்டு வண்டி:
சரிங்கய்யா, சீனத்துக்கு அது எங்கிருந்து போச்சு? காஞ்சிபுரத்துல இருந்து போதிதர்மர் போனதாச் சொல்றாங்களே…

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அவர் சுவரைப் பார்த்து ஒன்பது வருஷம் உட்கார்ந்ததாகத்தான் கதை. மாங்காய் மூட்டை கொண்டுபோனதாக இல்லை.

சின்னக்கடை மண்டி:
நான் படிக்காதவன், யாவாரி. இருந்தாலும் ஒரு சந்தேகம். நாம கடையில பழத்தைக் காட்டிக் 'காய்'னு சொன்னா வாங்க வந்தவங்க திரும்பிப் போயிருவாங்க. வெள்ளைக்காரன் மட்டும் எப்படிங்க பழுத்ததையும் 'மாங்கா'ன்னே சொல்றான்? மல்கோவாவைக் கையில வெச்சுக்கிட்டு அதைக் காய்னு கூப்பிட எனக்கு வாய் வராது. கப்பல்ல ஏத்தறவன் காயாத்தானே ஏத்துவான், அதனாலயா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
படிக்காதவர் என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வியைப் போட்டுவிட்டீர்கள். கப்பல் பற்றி நீங்கள் சொல்வது பொருத்தமாகத்தான் படுகிறது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் பழம் அழுகாமல் போய்ச் சேர வழியில்லை, ஊறுகாயாகத்தான் போனது. அதைத் தின்று பழகியவர்கள், வெள்ளரி, பீச் என்று எதைக் குடைந்து மசாலா அடைத்து ஊறப்போட்டாலும் 'மேங்கோ' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். அப்படி ஊறப்போடுவதற்கு அதையே வினைச்சொல்லாகவும் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பழக்கம் அமெரிக்கா வரை போய், ஒஹையோ, இந்தியானா பக்கத்துப் பழைய ஆட்கள் குடைமிளகாயை 'மேங்கோ' என்பார்கள். மாமரத்தையே பார்த்திராத ஊர்!

பினாங்கு ஆத்தூரான்:
நானும் சேலம் ஜில்லாதான், ஆத்தூர். இங்க வேலைக்கு வந்த புதுசுல விடுதிக்காரம்மா "அறைக்கு ஒரு மங்கா வாங்கிக்கோ"ன்னு மலாய்ல சொன்னாங்க. இதென்ன வழக்கமோன்னு அரை கிலோ மாம்பழம் வாங்கிட்டுப் போய் நின்னேன். அவங்க கேட்டது தொங்கு பூட்டு. மலாய்ல மாம்பழமும் மங்கா, பூட்டும் மங்கா.

இது போதாதுன்னு எங்கூட ஒரு ஜாவாக்காரர் வேலை பாக்கறாரு. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சு நம்ம பக்கம் தள்ளி 'மங்கா'ம்பாரு. காதுல 'மொங்கோ'ன்னு விழும். 'எடுத்துக்கோங்க, ஆகட்டும்'னு மரியாதைக்குச் சொல்றது. பொட்டலத்துல பழம் இருக்காது, வறுத்த மீன் இருக்கும்.

ஏற்காட்டு வண்டி:
பாத்தீங்களா! நம்ம 'வாங்க'தான் அங்க 'மங்கா' ஆயிருக்கு!

அஸ்தம்பட்டி வாத்தியார்:
தம்பி!

குகைத் தறி:
நானும் ஒண்ணு சொல்லிக்கறேன். வளைஞ்ச கொண்டையோட புடவையில வருமே, அதை நாங்க மாங்கா புட்டாம்போம். எங்கப்பா தறியில அதைத் தவிர வேற பேரு கேட்டதில்ல. இதையே பாரசீகத்துல 'போத்தே'ங்கறாங்க, செடிங்கற அர்த்தத்துல. ஸ்காட்லாந்துல பெய்ஸ்லின்னு ஒரு ஊரு. காஷ்மீர் சால்வையைப் பாத்து 19ஆம் நூற்றாண்டுல அங்க தறியில நெய்து தள்ளுனாங்க. இப்ப உலகம் பூரா அந்தப் புட்டாவுக்கு ஊர்ப் பேரே பேராயிருச்சு. அங்க ஒரே உருவம், ஊருக்கொரு பேரு. இங்க ஒரே பேரு, ஊருக்கொரு உருவம். ரெண்டையும் ஒரே ஆளு நெய்திருக்கணும்னு இல்லையே.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அதைத்தான் சொல்ல வருகிறேன், தறிக்காரரே. போர்ச்சுகீசியத்தையே பாருங்கள். அங்கே 'மாங்கா' என்றால் மாம்பழம். சட்டைக் கையும் 'மாங்கா'தான். சட்டைக் கைக்கு வேர் லத்தீன்: கைக்கு 'மானுஸ்', அதிலிருந்து 'மானிக்கா', அதுதான் தேய்ந்து 'மாங்கா'. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு முன்பே அவர்கள் சட்டைக்குக் கை இருந்தது. பழம் பிறகுதான் வந்து அதே ஒலியில் உட்கார்ந்தது. ஒரு மொழிக்குள்ளேயே இப்படி என்றால் ஜப்பான் வரைக்கும் போவானேன்?

இதைவிட வேடிக்கை பழைய லத்தீன். அதில் 'மாங்கோ' என்றால் அடிமை வியாபாரி. சரக்கை மினுக்கிப் பூசி, குறையை மறைத்துச் சந்தையில் நிறுத்துகிறவன். அந்தச் சொல்தான் பழைய ஆங்கிலத்துக்குப் போய், மீன்காரருக்கு 'ஃபிஷ்மாங்கர்', இரும்புக்கடைக்காரருக்கு 'அயர்ன்மாங்கர்' என்று இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சின்னக்கடை மண்டி:
மினுக்கிக் காட்டி விக்கறவன் பேரே மாங்கோவா! கார்பைட் கல்லு வெச்சுப் பழுக்க வெக்கறவனைச் சொல்ல எங்களுக்கு இத்தனை நாளா ஒரு பேரில்லாம இருந்துச்சுங்க. 2011லயே உணவுப் பாதுகாப்பு விதியில தடை பண்ணியாச்சு, இன்னும் சில பேரு திருந்தல. தோல் பூரா ஒரே மஞ்சளா இருக்கும், கொட்டைக்கிட்ட கடிச்சாப் புளிக்கும்.

பாலக்காட்டு மருமகள்:
நான் சேலத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். இவ்வளவு நேரம் சும்மா படிச்சுட்டு இருந்தேன். ஜப்பான் இல்லைன்னு ஆயிடுச்சு, சரி. பழத்தோட பேரைத் தமிழ்னு எழுதிக்கறீங்களே, அது மட்டும் எப்படி? போர்ச்சுகீசியர் 1498ல வந்து இறங்கினது கோழிக்கோட்டில். அங்கே மாமரத்தடியில நின்னவங்க பேசினது மலையாளம். நாங்க சொல்றது 'மாங்ங'. ஆங்கில அகராதிகளே மலையாளம்னு போட்டிருக்கு.

ஏற்காட்டு வண்டி:
அக்கா, அகராதின்னா 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சனையும் புரட்டுங்க, இந்தியாவுல இருந்த ஆங்கிலேயர் பேசின சொற்களுக்கான அகராதி அது. மூலம் தமிழ் மாங்காய்னே எழுதியிருக்கு. அதுவுமில்லாம மலாய்க்காரங்களுக்கு இந்தப் பேரு நம்ம கடலோடிகள் மூலமாப் போனது. 1511ல மலாக்காவைப் பிடிச்ச போர்ச்சுகீசியர் அங்கதான் கேட்டிருப்பாங்கன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மா + காய் மாங்காய்னு ஆகற விதி தொல்காப்பியத்துலயே இருக்கு, உயிர்மயங்கியல்ங்கற பகுதியில.

பாலக்காட்டு மருமகள்:
தம்பி, தொல்காப்பியர் காலத்துல நீங்களும் நாங்களும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பாகப்பிரிவினை அப்புறம்தான் நடந்தது. பொதுச் சொத்தைக் காட்டி 'எனக்கு மட்டும்'னு பட்டா கேட்டா எப்படி?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேர்ச்சொல் 'மா' திராவிட மொழிகளுக்குப் பொது. கன்னடத்தில் 'மாவு', தெலுங்கில் 'மாமிடி'. 'காய்' ஒட்டிய வடிவம் கப்பலேறியது கோழிக்கோட்டிலா மலாக்காவிலா என்பதில் அகராதிகளே இரண்டு பக்கமும் நிற்கின்றன. எனக்குக் கோழிக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. செடிகொடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டிய லின்னேயஸ் என்ற அறிஞர் 1753இல் மரத்துக்கு 'மாங்கிஃபெரா இண்டிகா' என்று பெயர் வைத்தபோது, 'மாங்காவைத் தாங்குவது' என்ற பொருளில், இந்தச் சொல் லத்தீனுக்குள்ளும் போய்விட்டது. அடிமை வியாபாரி மாங்கோவுக்குப் பக்கத்து நாற்காலி!

ஏற்காட்டு வண்டி:
ஜப்பானை விட்டுத்தரேன். சட்டைக் கையையும் பூட்டையும் விட்டுத்தரேன். ஜாவா பத்தி இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன். கோழிக்கோட்டை மட்டும் விட முடியாதுங்கக்கா.

சின்னக்கடை மண்டி:
விட வேண்டாங்க. இமாம் பசந்த் நாளைக்குக் காலையில வண்டி வருது. கல்லு வெக்காதது. வாத்தியாரய்யாவுக்கு ஒரு கூடை தனியா எடுத்து வெக்கறேன், ரெண்டு கட்சியும் அவர் வீட்டுலயே உக்காந்து பேசிக்கலாம்.

ஏற்காட்டு வண்டி:
இதையெல்லாம் அக்கா பையனுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். புத்தகத்துல இருந்து தலையைக்கூடத் தூக்கல. "நீதான் மாமா மாங்கா"ன்னுட்டான்.

பாலக்காட்டு மருமகள்:
எங்க ஊர்ல இதுக்கு 'மாங்ஙாத்தொலி'ம்போம். இது யாரு யாருகிட்ட இருந்து எடுத்ததுன்னு நாளைக்கு வெச்சுக்கலாம்.