லோக்மத்: பெரிய பத்திரிகை, சரி. நல்ல பத்திரிகையா?

விதர்பா வாசகன்:
மராத்திப் பத்திரிகைகள் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் திலகர், அவர் நடத்திய கேசரி என்று ஆரம்பித்து லோக்சத்தா நாளிதழின் தலையங்கத்தில் முடித்துவிடுகிறார்கள். அதிகம் பேர் படிக்கிற லோக்மத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1971 டிசம்பரில் ஜவஹர்லால் தர்டா நாக்பூரில் அதை நாளிதழாகக் கொண்டுவந்தபோது, மும்பை, புனே பத்திரிகைகளுக்கு மகாராஷ்டிராவின் கிழக்குப் பகுதியான விதர்பா என்பது மழை பொய்த்தால் மட்டும் ஞாபகம் வரும் ஊர். மாவட்டத்துக்குத் தனிப் பக்கம், தாலுகா நிருபர், ஜல்காவ், ஔரங்காபாத் என்று புதுப் பதிப்புகள் என்று வந்து நின்றது லோக்மத்தான். திலகருக்குப் பிறகு மராத்தி இதழியலில் நடந்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன்.

புனேக்காரி:
நடுவில் 1932-ஐத் தாண்டிக் குதித்துவிட்டீர்களே! கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த நானாசாகேப் பருளேகர் அந்த ஜனவரியில்தான் புனேயில் சகாள் நாளிதழைத் தொடங்கினார். தலையங்கம்தான் பத்திரிகை என்றிருந்த ஊரில் உள்ளூர்ச் செய்திக்கு முதல் மரியாதை கொடுத்தவர் அவர். லோக்மத் அதையே பெரிய அளவில் செய்தது, அவ்வளவுதான். அப்புறம், தர்டா காங்கிரஸ் அமைச்சராக இருந்தவர். மகன்களில் விஜய் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார், ராஜேந்திரா மாநில அமைச்சராக இருந்தார். ஆட்சியும் அச்சகமும் ஒரே வீட்டில் இருந்தால் எந்த நிருபர் எதை எழுதுவார்?

விதர்பா வாசகன்:
மேடம், சகாள் இப்போது யார் கையில் இருக்கிறது? சரத் பவாரின் சகோதரர் பிரதாப் பவார் கையில். சாம்னா சிவசேனாவின் உத்தவ் தாக்கரே அணியுடையது. நாக்பூரில் லோக்மத்துக்கு முன்னால் கோலோச்சிய தருண் பாரத் சங்கப் பரிவாரத்தின் பக்கம். கட்சி வாடையே இல்லாத மராத்திப் பத்திரிகைதான் வேண்டும் என்றால் காலையில் வெறும் டீயோடு உட்கார வேண்டியதுதான்.

தாதர் தம்பி:
கட்சி சார்பு இருக்கட்டும் அண்ணே, அது ஊரறிந்தது. 2009-ஐப் பற்றிச் சொல்லுங்கள். சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் முதல்வர் அசோக் சவாணைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக வந்தது. ஒரே கட்டுரை, வரி மாறாமல், லோக்மத்திலும் மகாராஷ்டிரா டைம்ஸிலும் புடாரியிலும் வந்திருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தி இந்துவில் அம்பலப்படுத்தினார். பத்திரிகை விளம்பரத்துக்குச் சவாண் காட்டிய தேர்தல் செலவு 5,379 ரூபாய்! வாசகன் அதை விளம்பரம் என்று நினைத்தா படித்தான்? செய்தி என்று நம்பித்தான் படித்தான். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

விதர்பா வாசகன்:
நீங்களே மூன்று பெயர் சொன்னீர்கள், வழக்கு மட்டும் லோக்மத் மேல். மகாராஷ்டிரா டைம்ஸ் டைம்ஸ் குழுமத்தின் பத்திரிகை, அதையும் சேர்த்துத் திட்டுங்கள். காசு கொடுக்கவில்லை என்றுதான் சவாண் கடைசிவரை சொன்னார். 2014-இல் தேர்தல் ஆணையம் கணக்கைச் சரியாகக் காட்டவில்லை என்றது, அந்த உத்தரவை அதே ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தாதர் தம்பி:
நீதிமன்றம் பார்த்தது வேட்பாளரின் கணக்கை. நான் கேட்பது ஆசிரியர் குழுவை. மூன்று பத்திரிகைக்கும் ஒரே வாக்கியம் தற்செயலாகத் தோன்றுமா?

கணக்குப்பிள்ளை:
சண்டைக்கு நடுவில் ஒரு திருத்தம். ‘அதிகம் படிக்கப்படுவது’ வேறு, ‘அதிகம் விற்பது’ வேறு. வாசகர் கணக்கெடுப்பில் வீடு வீடாகக் கேட்பார்கள், ஒரு பிரதியை ஐந்து பேர் படித்தால் ஐந்து. விற்பனைத் தணிக்கையில் பிரதியை மட்டும் எண்ணுவார்கள். அதனால்தான் லோக்மத்தும் முதலிடம், சகாளும் முதலிடம்! 2019 வாசகர் கணக்கெடுப்பில் மராத்தியில் முதலில் வந்தது லோக்மத். சலூன், டீக்கடை, பஞ்சாயத்து அலுவலகம் என்று பிரதி கைமாறும் ஊர்களில் ஓடும் பத்திரிகைக்கு இந்தக் கணக்கு சாதகம்.

புனேக்காரி:
எண்ணிக்கையில் எனக்குத் தகராறு இல்லை. பெண்களைச் சேர்க்க ‘சகி மஞ்ச்’ என்று மன்றம் வைத்து, சந்தா, பரிசு, நிகழ்ச்சி என்று நடத்தினார்கள். வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் மறுநாள் நாலு பேர் பேசுகிற தலையங்கம் லோக்மத்தில் வந்து நீங்கள் பார்த்ததுண்டா? மகாராஷ்டிரா டைம்ஸில் கோவிந்த் தள்வல்கர் இருபது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தார்.

விதர்பா வாசகன்:
மூத்த பத்திரிகையாளர் குமார் கேத்கர் லோக்மத்தில் ஆசிரியராக இருந்தவர், மறந்துவிட்டதா? தீபாவளி மலரான ‘தீபோத்சவ்’ எடுத்துப் பாருங்கள். நாடு முழுக்க ஆள் அனுப்பி எழுதி வாங்கிய நீண்ட கட்டுரைகள். மற்ற மலர்கள் இன்னும் கதை, கவிதை, ராசி பலனை விடவில்லை.

தாதர் தம்பி:
கேத்கர் 2018-இல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார் அண்ணே. உதாரணம் யார் பக்கம் பேசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலர் நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வருஷத்தில் ஒரு தடவை. மீதி நாள் பத்திரிகையைத்தானே நான் காசு கொடுத்து வாங்குகிறேன்?

விதர்பா வாசகன்:
மும்பைப் பதிப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யவத்மாளிலோ வாஷிமிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் மாவட்டப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே பருத்தி விலையும் மின்வெட்டும் முதல் பக்கச் செய்தி.

தாதர் தம்பி:
அனுப்பச் சொல்கிறேன். தேர்தல் மாதத்துப் பக்கத்தையும் சேர்த்து.