மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு வார இறுதி: அங்கே யாரைச் சந்தித்தீர்கள்?

கோலாலம்பூரிலிருந்து

பினாங்கு போய்வந்தவர்கள் எல்லோரும் பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், பத்து ஃபெரிங்கி கடற்கரை என்று வரிசையாக எழுதுகிறார்கள். நான் அதில் ஒன்றுக்கும் போகவில்லை, வேண்டுமென்றேதான். இரண்டு நாளும் ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியை விட்டு வெளியே வருவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். எட்டுப் பத்துத் தெருக்கள்தான். காலையில் நடந்த தெருவிலேயே சாயங்காலமும் நடந்தால் ஆட்கள் முகம் பழகிவிடும், அப்புறம் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் திருச்சி பக்கத்துக்காரன், வேலை கோலாலம்பூரில். சனிக்கிழமை விடிகாலை ஈடிஎஸ் ரயிலைப் பிடித்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய் ஃபெரியில் ஏறிவிடலாம். பாலம் வழியாக டாக்சியில் போகிறவர்களும் உண்டு, 1985ல் திறந்த பதிமூன்றரை கிலோமீட்டர் பாலம், அதையும் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஃபெரியில் போனால்தான் இது துறைமுகத்துக்காகப் பிறந்த ஊர் என்பது கண்ணுக்குத் தெரியும். முன்வரிசையில் கம்பெனிக் கட்டடங்கள், பின்னால் ஓட்டுக்கூரைகள், எல்லாவற்றுக்கும் மேலே சம்பந்தமே இல்லாமல் கொம்தார் என்கிற வானளாவிக் கட்டடம்.

1786ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனையில் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. ஒரு போரையும் பார்க்காத கோட்டை, அரை மணி நேரம் போதும். காட்டை வெட்ட வந்த கூலியாட்களுக்கு ஆசை காட்ட, பீரங்கியில் வெள்ளிக் காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் லைட் என்று ஒரு கதை அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, கம்பெனிக்காரன் மூளைக்குப் பொருந்துகிற கதைதான். பக்கத்தில் விக்டோரியா மணிக்கூண்டு. ராணி அதுவரை ஆண்ட ஆண்டுக்கு ஓர் அடி என்று அறுபதடி உயரம், இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்ததில் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான், நகரலாம்.

நான் அதிக நேரம் கழித்தது பழைய பிட் தெருவில். இப்போது அதற்கு ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். ஒரு முனையில் 1818ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், வெள்ளை வெளேரென்று. இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளை வைத்துக் கட்டியது என்பதைப் பலகையில் தேடாதீர்கள், முன்னாலேயே படித்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் அந்தத் தூண்களைப் பார்க்கிற பார்வையே மாறும். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயில், வாசலில் பெரிய பெரிய ஊதுபத்திகள் புகைந்துகொண்டே இருக்கும், கண் எரியும். பின்பக்கம் குவீன் தெருவில் 1833ல் வந்த மகா மாரியம்மன் கோயில். இன்னும் கொஞ்ச தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801ல் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் மைதீன் மரைக்காயர் எழுப்பியது. எல்லாம் பத்து நிமிட நடைக்குள். இதைப் பார்த்துவிட்டு நல்லிணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லிப் போய்விடுவது சுலபம். எனக்குத் தோன்றியது வேறு. துறைமுகத்தில் பிழைக்க வந்தவர்கள், இடம் சின்னது, எல்லோருக்கும் ஒரே தெருவில்தான் சாமி கும்பிட இடம் கிடைத்தது, அப்புறம் பழகிப்போனது.

சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, தெரியுமா? நம் நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது பெயரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. சிங்கப்பூரிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட கைலி. நான் செருப்பைக் கழற்றத் தயங்குவதைப் பார்த்து, "உள்ள போகலாம் தம்பி, எந்த ஊரு?" என்றார். திருச்சி என்றதும் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். அவர் அப்பா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலில் ஏறி வந்தவராம். எத்தனை நாள் பயணம், மேல்தளத்தில் யார், அடித்தளத்தில் யார், சோற்றுக்கு வரிசை, வாந்தி எடுத்தவர்களுக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் தானே வந்த மாதிரி சொன்னார். அவர் இதுவரை நாகூருக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறாராம், அதுவும் விமானத்தில், சென்னை வழியாக. "கப்பல்ல போகணும்னு இருந்தேன், சிதம்பரம் கப்பல் எரிஞ்சு போச்சு, அதோட முடிஞ்சுது" என்றார். 1985ல் எம்.வி. சிதம்பரம் தீப்பிடித்ததைத்தான் சொல்கிறார். நமக்கு அது பழைய பேப்பர் செய்தி, அவருக்கு ஊருக்குப் போகிற வழியே அடைபட்ட நாள். தேநீருக்குக் காசு நான் கொடுக்கிறேன் என்றதற்குக் கோபமே வந்துவிட்டது மனிதருக்கு.

மதியச் சாப்பாடு, நாசி கண்டார். காவடிக் கட்டையின் ஒரு பக்கம் சோறும் இன்னொரு பக்கம் குழம்பும் வைத்துத் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தூக்கி விற்றதுதான் இப்போது ஊருக்கே அடையாளமான சாப்பாடு. வரிசையில் நின்று கணவாய், மீன் முட்டை, வெண்டைக்காய் என்று கையைக் காட்டினால் போதும், கடைசியில் நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிவிடுவார்கள். குழம்பைக் கலக்கக் கூடாது என்று வீட்டில் வளர்ந்தவர்கள் முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எனக்குப் பரிமாறியவர் ராமநாதபுரம் பக்கம். கை நிற்காமல் வேலை, வாய் நிற்காமல் பேச்சு. வந்ததிலிருந்து இந்தத் தெருவையும் தங்குகிற அறையையும் தவிர எதையும் பார்த்ததில்லை என்றார், "பினாங்கு எப்படிண்ணே இருக்கு, நல்லா இருக்கா?" என்று என்னைக் கேட்டார். என்ன பதில் சொல்வது? நல்லா இருக்குன்னு சொன்னேன். பின்னால் ஆள் நின்றதால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

ஆர்மீனியன் தெருவில் சுவர் ஓவியங்கள். லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சாகரெவிச் 2012ல் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகள்தான் பிரபலம். நிஜ சைக்கிள் ஒன்றைச் சுவரில் பதித்திருப்பார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதோடு நின்று படம் எடுக்க அவ்வளவு பெரிய வரிசை எனக்குத் தேவைப்படவில்லை. அதே தெருவில் 120ஆம் எண் வீடு, சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்சென் 1910ல் புரட்சிக்குத் திட்டம் போட்ட இடம், அங்கே கூட்டமே இல்லை.

மறுநாள் காலை சியூ படகுத்துறை. கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றி, பலகை நடைபாதையின் இரண்டு பக்கமும் வீடுகள். அங்கே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் சியூ என்றுதான் குடும்பப் பெயர். வீட்டு வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்த ஓர் ஆண்ட்டியிடம் என் அரைகுறை மலாயில் பேச்சுக் கொடுத்தேன். தண்ணீர் மேல் வீடு என்பதால் அந்தக் காலத்தில் நிலவரி கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். சீனப் புத்தாண்டு எட்டாம் நாள் ராத்திரி வந்து பார், வாசலெல்லாம் கரும்பு கட்டியிருப்போம் என்றார். அவர்கள் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்களாம், அந்த நன்றிக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் கேமராவோடு திறந்திருந்த பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள், "படம் எடுக்காதே" என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு. ஆண்ட்டி ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் அந்த வீட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தங்கியது பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டிய ஒரு விடுதி. மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து, என் அறைக்கு ஜன்னலே இல்லை. விளம்பரப் படத்தில் இருந்த ஜன்னல் வரவேற்பறையுடையது!

பட்டர்வொர்த்திலிருந்து

மேலே எழுதியவர் தங்கிய மாதிரி ஒரு கடைவீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன், குவீன் தெருவுக்குப் பக்கத்தில். கீழே அப்பாவின் மளிகைக் கடை, மேலே நாங்கள், பின்கட்டில் வாடகைக்கு இன்னொரு குடும்பம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரைக்கும் வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அதனால்தான் எங்களை மாதிரி ஆட்கள் ஊர் நடுவில் குடியிருக்க முடிந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு அது போய்விட்டது. வாடகை ஏறினது, நாங்கள் கிளம்பினோம், எங்கள் தெருவில் பாதிப் பேர் கிளம்பினார்கள். வீடுகள் சும்மா பூட்டிக் கிடந்தது கொஞ்சக் காலம், 2008ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுன் வந்த பிறகு ஒவ்வொன்றாக ஹோட்டலும் காப்பிக்கடையும் ஆனது. யுனெஸ்கோவைக் குறை சொல்லவில்லை. அது வராவிட்டால் இடித்தே இருப்பார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

போன வருஷம் எங்கள் பழைய வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன் என் தங்கச்சியோடு. வேலை செய்கிற சீனப் பையன், இருபது வயசு இருக்கும், ரொம்ப மரியாதையாக, "இது ஒரு மிளகாய் கோடவுனாக இருந்தது, மேடம்" என்று இங்கிலீஷில் விளக்கம் சொன்னான். கோடவுன் இல்லப்பா, அங்கதான் எங்க அம்மா மாவு ஆட்டுவாங்க என்று சொன்னேன். உடனே உட்கார்ந்துவிட்டான், கிணறு எங்கே இருந்தது, சாமி மாடம் எங்கே என்று கேட்டுக் கேட்டு ஒரு தாளில் வரைந்துகொண்டான். காப்பிக்குக் காசு வாங்கினான், அது சரிதான், கடை அவனுடையது இல்லையே.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தைப்பூசத்துக்கு வாங்க. பினாங்கு தெருவிலிருந்து செட்டியார் கோயில் வெள்ளித்தேர், 1894ல் வந்த தேர், கெபுன் பூங்கா சாலைக்குக் கிளம்பும்போது வழியெல்லாம் தேங்காய் மலையாகக் குவிந்திருக்கும், அதில் ஏகப்பட்டது சீனர்கள் நேர்ந்துகொண்டு உடைக்கிறது. தேருக்கு முன்னால் ஒரு சீனப் பாட்டி தேங்காயைத் தூக்க முடியாமல் நின்றாள் ஒரு தடவை, என் மகன் வாங்கி உடைக்கப் போனான், கொடுக்கவே மாட்டேன் என்று விட்டாள். கீழே போட்டாள், உடையவில்லை, மறுபடி எடுத்துப் போட்டாள். மூணாவது தடவை உடைஞ்சுது. சுத்தி நின்னவங்க எல்லாம் கைதட்டினோம்.

சென்னையிலிருந்து

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, மூட்டுவலி. அவரோடு போனவன் என்ற முறையில் சொல்கிறேன், நடக்கிற ஊர் என்று எல்லோரும் எழுதுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் மறைவாகக் கடை முகப்புகளில் ஐந்தடி நடைபாதை இருக்கிறது, அங்கே அஞ்சடி என்கிறார்கள், அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரைமட்டம் வேறு, ஒரு படி ஏறு, இரண்டு படி இறங்கு, நடுவில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள், கடைசியில் ரோட்டில்தான் நடக்கவேண்டும். சக்கர நாற்காலி என்றால் ரொம்பக் கஷ்டம்.

நாங்கள் செய்தது: கேட் என்கிற இலவச பஸ் பழைய ஊரைச் சுற்றி வருகிறது, அதில் ஏறி உட்கார்ந்து ஒரு முழுச் சுற்று. அப்புறம் ஒரு திரிஷா, அதாவது மூன்று சக்கர சைக்கிள் ரிக்ஷா. அங்கே நாம் முன்னால் உட்கார, ஓட்டுகிறவர் பின்னாலிருந்து மிதிப்பார். அம்மாவுக்கு அதுதான் பயம், எதிரே வருகிற லாரியெல்லாம் நேராக மடியில் வந்து விழுகிற மாதிரி இருக்கிறது என்று கத்திக்கொண்டே வந்தார். ஓட்டிய சீன அங்கிளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், "அம்மா பயப்படாத, அம்மா பயப்படாத" என்று தமிழிலேயே சொன்னார். எங்கே கற்றீர்கள் என்றால், மார்க்கெட் தெருவில் முப்பது வருஷமாகத் தமிழ் ஆட்களைத்தான் ஏற்றுகிறேன், பயப்படாத என்பது தினமும் தேவைப்படுகிற வார்த்தை என்றார்.

வாடகையை ஏறுமுன்பே பேசிவிடுங்கள். பதினோரு மணிக்கு மேல் வெயில் தாங்காது, அந்த நேரத்தில் பெனாங் ரோட்டில் செண்டோல் என்கிற குளிர்ந்த இனிப்பைச் சாப்பிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு நாலரைக்கு மேல் கிளம்பினால் வயதானவர்களுக்கும் சரியாக இருக்கும். பட்டர்வொர்த்துக்காரர் சொன்ன அந்தக் காப்பிக்கடை எது என்று தனியாகச் சொன்னால் நல்லது, டிசம்பரில் மறுபடி போகிறோம்.