பேட்டரி இல்லாத சோலார் ஆர்.ஓ: மாதச் செலவைக் குறைப்பது எப்படி?

கேள்வி:
ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊராட்சிக்கு, நாளுக்கு 10,000 லிட்டர் நன்னீர் தரும் சோலார் ஆர்.ஓ (உப்பு நீக்கும் நிலையம்) வடிவமைக்கிறோம். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பு) லிட்டருக்கு 4,000 மில்லிகிராம். பராமரிப்புக்குக் காசு குறைவு. பேட்டரி வைக்கலாமா? எத்தனை கிலோவாட் பேனல்?

பதில் 1:
பேட்டரி வேண்டாம். சில வருடத்தில் அதை மாற்றும் செலவிலேயே நிலையம் படுத்துவிடும். 20,000 லிட்டர் தொட்டி கட்டித் தண்ணீரைச் சேமியுங்கள்.

5 மணி நேர ஓட்டத்துக்கு மணிக்கு 2,000 லிட்டர் நன்னீர் வர வேண்டும். 50% மீட்பில், அதாவது உள்ளே போவதில் பாதி நன்னீரானால், 4,000 லிட்டர் உள்ளே போகும், அழுத்தம் சுமார் 12 பார். பம்பின் திறன் 50% என்றால் அதற்கு 2.7 கிலோவாட், போர் மோட்டாருக்கு 1 கிலோவாட் சொச்சம். வெயில் குறையும் நேரத்துக்கும் சேர்த்து 6 கிலோவாட் பேனல் போடுங்கள். 4040 மெம்பரேன் (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளத்தில் உப்பை வடிகட்டும் சவ்வுக் குழல்) 12 வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்தால் அழுத்தமும் மெம்பரேன்மேல் உப்புப் படிவும் ஏறி, மிச்சம் பிடித்தது மின்சாரத்திலும் கழுவுவதிலும் போய்விடும்.

பதில் 2:
மேகம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். வி.எஃப்.டி (வெயிலுக்கேற்ப பம்பின் வேகத்தை மாற்றும் கருவி) 50 ஹெர்ட்ஸிலிருந்து 35க்கு இறங்கினால் அழுத்தம் பாதியாகிவிடும். நன்னீர் குறையும், ஆனால் உப்பு கசிவது அவ்வளவாகக் குறையாது, டிடிஎஸ் ஏறும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறுத்தும்படி செட் செய்யுங்கள். டிடிஎஸ் 500ஐத் தாண்டும் தண்ணீரைச் சேமிப்புத் தொட்டிக்குப் போகாமல் வால்வு போட்டுத் திருப்பிவிடுங்கள்.

சாயங்காலம் நின்றதும் உள்ளே தங்கும் அடர் உப்புநீர்தான் மெம்பரேனைக் கெடுக்கும். கரண்ட் போனால் தானே திறக்கும் வால்வும், 3 மீட்டர் உயரத்தில் 300 லிட்டர் நன்னீர்த் தொட்டியும் வையுங்கள். பம்ப் இல்லாமலே அலசிவிடும். உள்ளே வரும் தண்ணீரில் குளோரின் கலக்கவே கூடாது, பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெம்பரேன் தாங்காது. குடிநீர் சேமிக்கும் பெரிய தொட்டியில் மட்டும் கலக்கலாம், அலசும் தொட்டியில் கூடாது.

கேள்வி கேட்டவர்:
ரிஜெக்ட் தண்ணீரை (வெளியே தள்ளும் அடர் உப்புநீரை) என்ன செய்வது? ஊருணியில் விடச் சொல்கிறார்கள்.

பதில் 3:
தயவுசெய்து விடாதீர்கள். ஊருணியும் கெடும், அந்த உப்பு உங்கள் போருக்கே திரும்பும். அடியில் ஷீட் விரித்த ஆவிக்குளம் வெட்டுங்கள். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 50% மீட்புக்கு 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய அரை ஏக்கர் வேண்டும். மழைக்காலத்துக்குக் கரையை உயர்த்துங்கள்.

70% மீட்பில் குளம் பாதிக்கும் கீழே சுருங்கும். ஆனால் மேகம் வரும்போது கடைசி மெம்பரேனில் ஓட்டம் மணிக்கு 700 லிட்டருக்குக் கீழே போய்ப் படிவு பிடிக்கும். நான் 60%தான் வைப்பேன், ஆன்டிஸ்கேலண்ட்டோடு (படிவு பிடிக்காமல் தடுக்கும் மருந்து). அதற்கு முன் கால்சியம், சல்பேட், சிலிக்கா, இரும்பு நான்கையும் லேபில் பாருங்கள். டிடிஎஸ் மட்டும் வைத்து டோஸ் முடிவு செய்ய முடியாது.