ஐடிலிங்கில் வைட்பேண்ட் மீட்டர் 17 காட்டுகிறது, பிளக்கோ கரி: எதை நம்புவது?

நாகமலை ஜிப்ஸி:
வணக்கம். வண்டி 1998 ஜிப்ஸி, 1.3 கார்புரேட்டர். பழைய மேனிஃபோல்ட் விரிசல் விட்டதால் வெளியில் செய்த ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை எடுத்துப் போகும் பைப்) போட்டிருக்கிறேன். அதிலேயே ஒரு பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்டு வைத்து, பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 சென்சாரோடு வைட்பேண்ட் ஏ.எஃப்.ஆர். மீட்டர் மாட்டியாயிற்று. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று புகையை வைத்துக் காட்டும் மீட்டர் இது; 14.7-ஐவிட எண் ஏறினால் லீன் (பெட்ரோல் குறைவு), இறங்கினால் ரிச் (பெட்ரோல் அதிகம்). மாட்டியதிலிருந்து குழப்பம்தான்.

ஐடிலிங்கில் 16.8, 17.2 என்று ஆடுகிறது. லீன் என்று மிக்சர் ஸ்க்ரூவைத் திறந்தால் எண் இறங்கவில்லை, சில சமயம் ஏறுகிறது. ஆனால் பிளக் நாலும் கரி, வண்டிக்குப் பின்னால் நின்றால் பெட்ரோல் வாடையில் கண் எரிகிறது. ரிங் ரோட்டில் அறுபதில் போனால் 13.9, ஃபுல் ஆக்ஸிலேட்டரில் 12.4. மெக்கானிக் "சென்சார் போச்சு, வேற வாங்குங்க" என்கிறார். விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

பைபாஸ் ரோடு:
மீட்டரின் எர்த் ஒயரைப் பாருங்க அண்ணே. ஹெட்லைட் போட்டதும் எண் மாறினால் எர்த் சரியில்லை. பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் கட்டியிருப்பார்கள்.

திருமங்கலம் லேத்:
தம்பி சொல்வது இ.சி.யூ. (பெட்ரோலை அளந்து விடும் கம்ப்யூட்டர்) உள்ள வண்டிக்குப் பொருந்தும். மீட்டரிலிருந்து இ.சி.யூ.வுக்கோ எண்களைப் பதிவு செய்யும் லாகருக்கோ 0-5 வோல்ட் ஒயர் போனால், இரண்டின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் இருக்கும்போது எண் விலகும். இது கார்புரேட்டர் வண்டி, கண்ணால் மீட்டரைப் பார்க்கிறார். அந்த ஒயரே இல்லை.

சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது. ஆக்ஸிஜன்தான் தெரியும். ஐடிலிங்கில் புகை குறைவு, அதுவும் விட்டு விட்டுத் துடித்து வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். சென்சாருக்கு முன்னால் நூலளவு ஓட்டை இருந்தாலும் அந்த நேரத்தில் காற்று உள்ளே வரும். மீட்டர் அதை லீன் என்று படிக்கும். வேகம் கூடினால் புகை பெருகும், உள்ளே வரும் காற்றின் பங்கு சிறுத்துவிடும். அதனால்தான் ஃபுல் ஆக்ஸிலேட்டரில் உங்கள் எண் ஒழுங்காக இருக்கிறது. சென்சார் செத்திருந்தால் அங்கேயும் உளறியிருக்கும்.

ஸ்க்ரூவைத் திறந்தால் எண் ஏறுவதற்கும் காரணம் இருக்கிறது. அளவுக்கு மீறி ரிச் ஆனால் மிஸ்ஸிங் வரும். எரியாத சிலிண்டரின் ஆக்ஸிஜன் அப்படியே பைப்புக்கு வந்துவிடும். பெட்ரோல் கொட்டக் கொட்ட மீட்டர் லீன் என்று கத்தும்.

நம்பிக்கை வராவிட்டால் பொல்யூஷன் சோதனை மையத்தில் ஒரு சீட்டு எடுங்கள். உங்கள் காலத்து வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். அங்கே அது எகிறி, மீட்டர் 17 காட்டினால் வண்டி ரிச்; ஓட்டையைத் தேடுங்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு, சைலன்சர் வாயில் துணி சுற்றி ப்ளோயர் வைத்து ஊதச் சொல்லி, ஹெடர் முழுக்க சோப்புத் தண்ணீர் அடியுங்கள். போர்ட் கேஸ்கட், பைப் கூடும் இடம், பங் வெல்டு, சென்சார் மரை, எதையும் விடாதீர்கள். அப்புறம், சென்சார் எந்தப் பக்கம் பார்க்கிறது? பைப்புக்கு அடியில் வைத்திருந்தால் காலையில் தேங்கும் தண்ணீர் அதன் சூடான செராமிக்கில் பட்டு உடைத்துவிடும். மேல் பாதியில் சாய்வாக இருக்க வேண்டும். மீட்டர் கரண்டைப் பிடுங்கிவிட்டு சென்சாரை மட்டும் பைப்பில் விட்டு வண்டி ஓட்டவும் கூடாது, ஹீட்டர் இல்லாமல் கரி படிந்து வீணாகும்.

தேனி ரோடு:
இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலும் காரணமாக இருக்கலாமே? 14.7 என்ற கணக்கே இப்போது பொருந்தாது என்கிறார்கள்.

திருமங்கலம் லேத்:
கொஞ்சம் உண்டு, ஆனால் 17 ஆகாது. இ20-க்குச் சரியான விகிதம் 13.5 பக்கம் வரும். பழைய ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளை) ஓட்டினால் ஏழெட்டு சதவீதம் லீன் ஆகும், அவ்வளவுதான். மீட்டர் உள்ளுக்குள் லாம்டாவை (இருக்கும் காற்றை, முழுசாக எரியத் தேவையான காற்றால் வகுத்த எண்) அளந்து 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எந்த பெட்ரோல் போட்டாலும் 14.7 என்றால் லாம்டா 1தான். என்னைக் கேட்டால் மீட்டரை லாம்டாவுக்கே மாற்றி வையுங்கள், இந்தத் தலைவலியே இல்லை.

நாகமலை ஜிப்ஸி:
அண்ணே, கிடைத்துவிட்டது. நாலாம் போர்ட்டில் நுரை பொங்கியது. ஹெடர் ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு ஒட்டும் தகடு) வளைந்து கேஸ்கட் ஒரு ஓரத்தில் உட்காரவே இல்லை. பங் வெல்டிலும் ஊசித்துளை. கழற்றி லேத்தில் ஃபிளாஞ்சை மட்டம் தட்டி, புது கேஸ்கட் போட்டு, துளையையும் அடைத்தாயிற்று. ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் 11.3! ஸ்க்ரூவை மூடிக்கொண்டே வந்து 13.7-இல் நிறுத்தினேன், வண்டி ஆடாமல் நிற்கிறது. ஆனால் அறுபதில் இப்போது 13.2. மெயின் ஜெட்டைச் சிறிதாக்கலாமா? அடுத்த வாரம் வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறேன்.

திருமங்கலம் லேத்:
அவசரப்பட்டு ஜெட்டில் கை வைக்காதீர்கள். முதலில் ஃப்ளோட் மட்டம், சோக் முழுசாகத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர், இந்த மூன்றையும் பாருங்கள். அதற்கும் 13.2-தான் என்றால் ஒரு சைஸ் இறக்கலாம். ஆனால் ஃபுல் ஆக்ஸிலேட்டரில் 12.8-ஐத் தாண்டி லீன் பக்கம் போகக் கூடாது. மதுரை வெயிலில் லோடோடு ஏறும்போது நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) வரும்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காற்று மெலிந்துவிடும், கார்புரேட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்காது. மேலே போகப் போக எல்லா எண்ணும் ஏறக்குறைய பத்து சதவீதம் ரிச் பக்கம் சாயும். இங்கே 13.7 என்றால் அங்கே 12.3 காட்டும். அதைப் பார்த்து மேலே வைத்து ஜெட் மாற்றினால், மலையிறங்கி இங்கே வந்ததும் லீன் ஆகிவிடும். வேண்டுமானால் மேலே இருக்கும்வரை ஐடிலிங் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று மூடிக்கொள்ளுங்கள், இறங்கியதும் திறந்துவிடுங்கள்.

பைபாஸ் ரோடு:
அப்போ எர்த் இல்லையா... சரி அண்ணே. அந்த ஃபிளாஞ்சை மட்டம் தட்ட எவ்வளவு வாங்கினார்கள்? என் எஸ்டீமிலும் அதே ஹெடர்தான்.